கிடா வெட்டைப் பார்த்து வளர்ந்தவர்களைக் கோழிப்பண்ணைப் படம் ஏன் உலுக்குகிறது?

கறியும் முட்டையும் பாலும் தொழிற்சாலை முறையில் எப்படி உற்பத்தியாகின்றன என்று காட்டும் ஆவணப்படங்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஆளை மனதில் வைத்து எடுக்கப்பட்டவை. அந்த ஆள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பவர், சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சுற்றி வைத்த கறியை வாங்குபவர், ஓர் ஆடு அறுபடுவதை ஆயுசில் ஒருமுறைகூடப் பார்க்காதவர். 2005இல் வந்த ‘எர்த்லிங்ஸ்’, ஒளித்து வைத்த கேமராவையும் டிரோனையும் வைத்து ஆஸ்திரேலியப் பண்ணைகளைப் படம்பிடித்து 2018இல் வெளியான ‘டொமினியன்’ எல்லாவற்றுக்கும் அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான்: அறுப்புக்கூடத்தின் சுவர் கண்ணாடியாக இருந்தால் மக்கள் கறி தின்னமாட்டார்கள்.

காரைக்குடியில் அந்தச் சுவரே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைப் பக்கம் போனால் உரித்த ஆடு தலைகீழாகத் தொங்கும், வெள்ளாடுதான் என்று காட்ட வாலை மட்டும் உரிக்காமல் விட்டிருப்பார்கள். கோழிக்கடையில் கூண்டிலிருந்து நாம் கைகாட்டிய கோழியையே எடுத்து, எடை போட்டு, கழுத்தை அறுத்து நீல டிரம்முக்குள் போடுவார்கள். உள்ளே அது அடித்துக்கொள்ளும் சத்தம் அடங்குவதற்குள் கடைக்காரர் அடுத்த ஆளிடம் “தோலோடவா, உரிச்சா?” என்று கேட்டுவிடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும். யாரும் மயங்கி விழுவதில்லை.

சரி, அப்படியென்றால் இந்தப் படங்கள் இங்கே எடுபடவே கூடாது. ஆனால் எடுபடுகின்றன. நாய்க்குச் சோறு வைப்பவர்கள், அடிபட்ட கன்றுக்குட்டிக்கு டாக்டரைத் தேடி அலைபவர்கள், வீட்டில் பத்துக் கோழி வளர்ப்பவர்கள், இவர்களில் சிலர் ஒரு படத்தைப் பாதி பார்த்துவிட்டு நாலு நாள் சோறு இறங்காமல் கிடக்கிறார்கள். ‘ரத்தத்தைப் பார்த்து பயந்துட்டாங்க’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். நான் கேட்டவரை, படத்தில் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்ற கேள்விக்கு யாரும் அறுக்கும் காட்சியைச் சொல்லவில்லை. கூண்டைச் சொன்னார்கள், குஞ்சுகள் பெல்ட்டில் போகும் காட்சியைச் சொன்னார்கள். வெள்ளைக்காரனுக்குச் சாவு மறைக்கப்பட்டிருக்கிறது, நமக்குச் சாவு தெருவிலேயே நடக்கிறது, வளர்ப்புதான் மறைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் படங்கள் நம் ஆட்களை அடிக்கும் இடம் அதனால்தான் வேறாக இருக்கிறது.

சாவை எப்படிப் பார்த்துப் பழகியிருக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கருப்பருக்கோ முனியய்யாவுக்கோ நேர்ந்துவிட்ட கிடா வீட்டில் ஒரு பிள்ளை மாதிரிதான் வளரும். கழுத்தில் மணி, பெயர், பிள்ளைகள் கையிலிருந்து பிஸ்கட். பூசையன்று மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை முதுகில் தெளித்துவிட்டு எல்லாரும் காத்திருப்பார்கள். கிடா உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பி உதறினால்தான் சாமி உத்தரவு. உதறாவிட்டால் திரும்பவும் தண்ணீர், திரும்பவும் காத்திருப்பு, பூசாரி பேசிப் பார்ப்பார், வீட்டுப் பெரியவர் ‘என்ன குறை வச்சோம்’ என்று கேட்பார். முதுகில் தண்ணீர் ஊற்றினால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும், அது வேறு. ஆனால் ஒரு உயிரை எடுக்குமுன் நிற்க வேண்டும், அதனிடம் ஏதோ ஒன்றுக்குக் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சடங்குக்குள் இருக்கிறது. வளர்த்த பிள்ளை அழும், சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும், அதை யாரும் கேலி செய்யமாட்டார்கள். கோயில்களில் பலி கூடாது என்று 1950லேயே சட்டம் இருந்தது, 2003இல் அதைக் கடுமையாக அமல்படுத்தச் சொன்னபோது எழுந்த எதிர்ப்பில் 2004இல் சட்டமே ரத்தானது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. இந்த ஊரில் விலங்கின் சாவுக்கு ஒரு இடமும் ஒரு நேரமும் அழுவதற்கு அனுமதியும் உண்டு என்பதுதான் இங்கே வேண்டியது.

இப்போது முட்டைக்கோழிக்கு வருவோம், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் ஆண்டுக்கு 14,000 கோடிக்கு மேல் முட்டை உற்பத்தியாகிறது. நம் கடைகளுக்கு வரும் முட்டையில் பெரும்பகுதி நாமக்கல் சுற்றுவட்டாரத்திலிருந்து லாரியில் வருகிறது. வீட்டு நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது, எழுபது முட்டை இடும், பண்ணை வெள்ளைக்கோழி 300க்கு மேல் இடும். அதைக் கம்பிக்கூண்டில் வைத்திருப்பார்கள், ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடச் சின்னது. தரையும் கம்பிதான், முட்டை உருண்டு முன்னால் வருவதற்காகச் சரிவாக இருக்கும். ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கக் குஞ்சிலேயே அலகை வெட்டிவிடுவார்கள். ஐரோப்பிய யூனியன் இந்த மாதிரிக் கூண்டை 2012 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது. இங்கே சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆவது அறிக்கை முழுவதையும் முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்புக்காகவே எழுதியது.

இதெல்லாம் தகவல். கோழி வளர்த்தவருக்கு இது தகவலாக வந்து சேர்வதில்லை. முட்டையிடப் போகும் கோழி எப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரியும்: கேரிக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றும், பத்தி, பத்தாயத்துக்கு அடி, விறகுக்குப் பின்னால் என்று ஒவ்வொரு இருட்டு மூலையாகத் தலையை நீட்டிப் பார்க்கும், பிடித்த இடம் கிடைத்தால்தான் உட்காரும். மத்தியானம் குப்பைமேட்டில் குழி பறித்து மண்ணை வாரி மேலே போட்டுக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். அந்தி சாய்ந்ததும் பஞ்சாரத்துக்குத் தானாக வரும், இல்லாவிட்டால் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். இதையெல்லாம் முப்பது வருஷம் பார்த்தவர் திரையில் கூண்டைப் பார்க்கும்போது, கூண்டுக்குள் இல்லாதவைதான் முதலில் கண்ணில் படுகின்றன. முட்டையிடும் நேரத்தில் கூண்டுக்கோழி அங்குமிங்கும் தவித்து நடப்பதைப் படம் இரண்டு நொடி காட்டும், பட்டணத்து ஆளுக்கு அது வெறும் கோழி நடமாட்டம், இவருக்கு அது என்ன தேடுகிறது என்று தெரியும். விலங்குப் பிரியர்கள் மென்மையான மனதுக்காரர்கள், அதனால் உடைகிறார்கள் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கு விஷயம் தெரியும், அதனால் உடைகிறார்கள்.

அடுத்தது குஞ்சு. முட்டைக்கான ரகத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கோழி வேகத்தில் எடையும் போடாது. எனவே பொரித்த அன்றே பிரித்து ஒதுக்கிவிடுவார்கள், உலகம் முழுக்க இதே கதைதான். படங்களில் வரும் அரவை இயந்திரம் இதற்குத்தான். ஜெர்மனி இப்படிக் கொல்வதை 2022 தொடக்கத்திலிருந்து தடை செய்திருக்கிறது. நம்மூரில் இந்தக் குஞ்சுகளில் ஒரு பகுதிக்கு இன்னொரு வழி உண்டு, அதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். திருவிழாக் கடைவீதியில் அட்டைப்பெட்டி நிறைய ரோஸ், பச்சை, ஊதா என்று சாயம் தோய்த்து விற்கும் கலர்க் கோழிக்குஞ்சு. செட்டிநாட்டில் மாசி, பங்குனித் திருவிழாக்களில் அதை அடம்பிடித்து வாங்கி, ஷூ டப்பாவில் துணி விரித்து, கம்பு அரைத்து வைத்து, மூன்றாம் நாள் காலையில் செத்துக்கிடப்பதைப் பார்த்து அழாத பிள்ளை குறைவு. இந்தப் பக்கம் நிறையப் பேருக்கு முதல் வளர்ப்புப் பிராணியே அதுதான். அது தொழிற்சாலை தள்ளிவிட்ட மிச்சம் என்று நாற்பது வயதில் ஒரு படம் பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி இருக்கும்? ‘பார்க்க முடியல, நிறுத்திட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் நிறுத்திய இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் உளவியல் ஆய்வுகள் கொஞ்சம் உதவுகின்றன. 2010இல் ஒரு சோதனை செய்தார்கள்: சிலருக்குத் தின்ன உலர்த்திய மாட்டுக்கறி, சிலருக்கு முந்திரிப்பருப்பு. பிறகு எந்த விலங்குகளுக்கெல்லாம் நாம் இரக்கம் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று கேட்டபோது, கறி தின்றவர்கள் குறைவான விலங்குகளையே சொன்னார்கள், பசுவுக்கும் கொஞ்சம் குறைவான இடமே கொடுத்தார்கள். கொள்கை மாறவில்லை, வாயில் இருந்த பண்டம்தான் மாறியது. அதாவது விலங்கையும் நேசித்து கறியையும் தின்கிற நாம் இரண்டுக்கும் நடுவே எப்போதும் ஒரு சமாதானம் பண்ணிக்கொண்டே இருக்கிறோம். கறிக்கோழிக்கு என்ன தெரியும், அது தின்பதற்கென்றே பிறந்தது, அதற்கு வலிக்காது. ஆவணப்படம் இந்தச் சமாதானத்தைத்தான் கலைக்கிறது. நாயையோ பூனையையோ நேசிப்பவருக்கு அந்தச் சமாதானம் ஏற்கனவே இழுத்துப் பிடித்து நிற்பது, எனவே சீக்கிரம் அறுகிறது.

சரி, அறுந்த பிறகு என்ன ஆகிறது? இதில் படம் எடுப்பவர்களின் நம்பிக்கை அவ்வளவாகத் தேறவில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இதுபோன்ற ஒரு குறும்படத்தைப் பார்த்தவர்கள் கறியைக் குறைக்கப் போவதாகச் சொன்னார்கள், கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்கள் சாப்பிட்ட அளவில் மாற்றம் இல்லை. பொதுஜனம் இப்படி என்றாலும் விலங்குப் பிரியராவது மாறுவாரே என்று தோன்றும். மாறுகிறார்தான், ஆனால் எதை நோக்கி மாறுகிறார் என்பதில்தான் சிக்கல்.

நம் பக்கம் நான் பார்க்கும் முதல் மாற்றம் ‘இனிமே நாட்டுக்கோழி மட்டும்தான்’ என்பது. நல்லதுதான், அது உண்மையில் குப்பையைக் கிளறிய கோழியாக இருந்தால். செட்டிநாட்டுச் சமையல் என்று பெயர்ப்பலகை போட்ட உணவகங்கள் எத்தனை, ஊரில் மிச்சமிருக்கும் சிறுவிடை, பெருவிடைக் கோழிகள் எத்தனை என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். நாட்டுக்கோழி என்று விற்பதில் நிறைய, கொட்டகையில் தீவனம் போட்டு வளர்க்கும் கிராமப்பிரியா, வனராஜா, சோனாலி வகைக் கலப்பினங்கள். கறிக்கோழியைவிட மெதுவாக வளரும், நன்றாக நடக்கும், அந்த வகையில் அதன் பாடு தேவலாம். ஆனால் முருங்கை மரம் அங்கே கிடையாது.

இரண்டாவது மாற்றம் இன்னும் மோசம். படம் பார்த்த வேகத்தில் ஆட்டுக்கறியை விட்டுவிட்டுக் கோழிக்கு மாறுவது, அல்லது கறியையே விட்டுவிட்டு முட்டைக்கு மாறுவது. ஆடு பெரிய உடம்பு, பெரிய கண், கத்தும், அதனால் அதன்மேல் பரிதாபம் முதலில் வருகிறது. கணக்குப் போட்டால் தலைகீழாக வரும். ஒரு ஆட்டில் பத்து, பன்னிரண்டு கிலோ கறி தேறும், இரண்டு கிலோ கறிக்கோழியில் ஒன்றேகால், ஒன்றரை கிலோவுக்குள். ஒரு ஆட்டுக்குப் பதில் ஏழெட்டுக் கோழி போக வேண்டும். அந்த ஆடு சிங்கம்புணரிப் பக்கம் ஏதோ கண்மாய்க்கரையில் மேய்ந்து, வெயில் மழை பார்த்து வளர்ந்திருக்கும். கோழி பிறந்து நாற்பது நாள் சுமாருக்குள் இரண்டு கிலோ எடை ஏறி, சிலது தன் காலே தாங்காமல் தென்னை நார்க் கழிவின்மேல் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியிருக்கும். உலகில் ஆண்டுக்கு 7,000 கோடிக்கு மேல் கோழிகள் கறிக்காகக் கொல்லப்படுகின்றன, எந்த நாற்கால் பிராணியும் இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வராது. ரத்தத்தை மையமாக வைத்து எடுத்த படம் இந்தக் கணக்கைச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது, பார்த்தவர் பரிதாபப்பட்டு ஆட்டை விட்டுக் கோழியில் போய் விழுகிறார்.

‘அதெல்லாம் அமெரிக்கா, நம்மூர்ல அப்படி இல்லை’ என்பதும் அடிக்கடி காதில் விழும். பாதி சரி. பன்றியைத் திரும்ப முடியாத கூண்டில் அடைப்பது, ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரே பட்டியில் தீவனம் போட்டுக் கொழுக்க வைப்பது இதெல்லாம் செட்டிநாட்டுக்குச் சம்பந்தமில்லாதவை. பால் இன்னும் இங்கே பெரும்பாலும் இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருப்பவரிடமிருந்துதான் வருகிறது. அதற்காக அது சுத்தம் என்றும் இல்லை, கன்று செத்தபின் தோலுக்குள் வைக்கோல் திணித்துத் தாய்ப்பசு முன்னால் நிறுத்திப் பால் கறந்ததை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள், ஜெர்சிக் கலப்பில் பிறந்த காளைக்கன்று எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கோழி விஷயத்தில் அமெரிக்காவுக்கும், கறிக்கோழிப் பண்ணைகள் நிறைந்த நம் பல்லடத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. காப், ராஸ் என்று அதே ரகங்கள், அதே வேகம், அதே ஒப்பந்த முறை: குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது, கொட்டகையும் கரண்ட் பில்லும் உழைப்பும் விவசாயியுடையது, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. ‘ஃபுட் இங்க்’ என்ற 2008ஆம் ஆண்டுப் படத்தில் கொட்டகைக் கதவைத் திறந்து காட்டிய விவசாயிக்கு ஒப்பந்தமே போய்விட்டது. நம்மூர் விவசாயி ஏன் யாரையும் உள்ளே விடமாட்டேன் என்கிறார் என்பதற்கு நோய்த் தொற்று ஒரு காரணம், கையில் இருக்கும் ஒப்பந்தம் இன்னொரு காரணம். அவரைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை.

வீட்டுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் விருந்தாளிக்குக் கோழி அடிக்காமல் விடுவது மரியாதைக் குறைவு, வைத்த குழம்பைத் தொடாமல் எழுந்திருப்பது அதைவிட. பீட்டா என்ற விலங்குரிமை அமைப்பும் கேட்டு வந்த ஜல்லிக்கட்டுத் தடைக்குப் பிறகு, 2014லிருந்து 2017 வரை நடந்த கலாட்டாவில், விலங்குப் பிரியர் என்ற பெயரே இங்கே வசவாகிவிட்டது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளை வளர்ப்பவர் அதைப் பிள்ளையைப் போல வளர்ப்பவர், ஆனாலும் யாராவது கோழிக்கூண்டைப் பற்றி வாய் திறந்தால் ‘நீ பீட்டா ஆளா?’ என்றுதான் முதலில் கேட்பார். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டியில் வரும் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களை யாரும் பீட்டா என்று சொல்வதில்லை, அவர்களும் தங்களை விலங்குப் பிரியர் என்று சொல்லிக்கொள்வதில்லை.

அதே சமயம், வெளிநாட்டுப் படங்களுக்குத் தெரியாத ஒரு வசதி இங்கே உண்டு. கறியை நிறுத்துவது இங்கே விநோதமே இல்லை. புரட்டாசி, கார்த்திகை மாலை, சஷ்டி, தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் என்று வருஷத்தில் பாதி நாள் யாராவது ஒருவர் வீட்டில் சைவமாகத்தான் இருப்பார், நகரத்தார் கல்யாணப் பந்தியும் சைவம்தான். ‘படம் பார்த்தேன், அதனால் சாப்பிடமாட்டேன்’ என்றால் சண்டை, ‘நேர்ந்திருக்கேன்’ என்றால் தனி அடுப்பு. இந்தக் குறுக்கு வழியைப் பயன்படுத்தும் இளைஞர்களை எனக்குத் தெரியும், அதில் தப்பொன்றும் எனக்குத் தெரியவில்லை. மாட்டிக்கொள்வது பாலில்தான். விரதத்துக்குப் பால் ஆகும், அபிஷேகத்துக்கும் பால்தான், அங்கே எந்தக் குறுக்கு வழியும் இல்லை. சத்துணவு முட்டையை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம், வாரம் ஐந்து நாள் அந்த ஒரு முட்டையை நம்பியிருக்கும் பிள்ளையிடம் போய் இந்தப் பேச்சைப் பேசுவது அநியாயம்.

இன்னொரு வகையினர் உண்டு, அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒரு படத்தோடு நிறுத்தாமல் அடுத்தது, அடுத்தது என்று ராத்திரி முழுக்கப் பார்ப்பவர்கள், கிளிப்புகளை ஏற்கனவே மாறிவிட்ட நண்பர்களுக்கே திரும்பத் திரும்ப அனுப்புபவர்கள். பார்க்காமல் இருப்பது அந்த உயிர்களுக்குத் துரோகம் என்று நினைக்கிறார்கள். உளவியல் ஆய்வாளர்கள் ஓல்கா கிளிமெக்கி, டானியா சிங்கர் இருவரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். மனிதத் துயரக் காட்சிகளைக் காட்டி, அந்த வலியைத் தானும் அனுபவிக்கப் பழக்கியவர்களுக்கு மனம் சோர்ந்துபோனது, அவர்களையே பிறகு அக்கறையோடும் உதவும் எண்ணத்தோடும் பார்க்கப் பழக்கியபோது அந்தச் சோர்வு மாறியது. இரண்டாவது வகைப் பழக்கத்துக்கு இந்தப் படங்கள் இடமே கொடுப்பதில்லை. திரையில் இருக்கும் கோழிக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது, அது செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒருமுறை பார்த்துப் புரிந்துவிட்டதென்றால் போதும், நிறுத்திவிட்டுத் தெருவில் இருக்கும் உயிரைக் கவனிக்கலாம்.

தெரு என்றதும் நாய் வரும். எங்கள் பக்கத்தில் ஒரு ஆச்சி தினமும் கோழிக்கடையில் கால், தலை, கழுத்து எல்லாம் வாங்கிச் சோற்றோடு வேகவைத்துத் தெருநாய்களுக்கு வைப்பார். பேரன் காட்டிய ஒரு படத்தைப் பார்த்தபிறகு கோழிக்கடைக்கே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, தினம் பத்து முட்டை அவித்துப் போட ஆரம்பித்தார். மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் காலும் தலையும் கடைக்காரர் எப்படியும் கொட்டப் போகிற கழிவு, அதை வாங்குவதால் கூடுதலாக ஒரு கோழி வளர்க்கப்படப் போவதில்லை. தினம் பத்து முட்டை என்பது வருஷத்துக்கு 3,650, அதாவது பன்னிரண்டு கோழிகள் வருஷம் முழுக்கக் கூண்டில். இதைச் சொன்னபோது ஆச்சி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “அப்ப மறுபடியும் காலு, தலையவே வாங்கட்டுமாப்பா?” என்றார். வாங்குங்க ஆச்சி. குக்கரில் எலும்பு விரலால் நசுங்கும் வரை வேகவிடுங்க, அரைகுறையாக வெந்த எலும்பு நாய்க்குத் தொண்டையில் குத்தும். உப்பு வேண்டாம்.